சிஸ்டத்துல இல்லாத நிலம்

என் அக்கா மகள் ராத்திரி ஷிப்டு முடிந்து காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் செல்போன் பூட்டுகிற கம்பெனிகளில் ஒன்றில் வேலை. ஒருநாள் வந்தவள் படுக்கப் போகாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, நம்ம நெலத்து சர்வே நம்பரு சொல்லு. போன்லயே பாக்கலாமாம்" என்றாள். சொன்னேன். மாவட்டம், வட்டம், கிராமம், நம்பர், உட்பிரிவு என்று வரிசையாகத் தட்டினாள். ஒரு நிமிஷத்தில் பட்டா வந்து நின்றது. அதில் என் தாத்தா பெயரும் இல்லை, என் நைனா பெயரும் இல்லை. நாங்கள் கேள்விப்பட்டே இராத, சென்னையில் இருக்கிற யாரோ ஒருவர் பெயர் இருந்தது.

"நம்பர தப்பா சொல்லிட்டியா மாமா?" என்று கேட்டாள்.

நம்பர் தப்பில்லை. தப்பு எங்கே நடந்தது என்று அவளுக்கு அன்றைக்கு என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. சொல்ல ஆரம்பித்தால் நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டியிருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பற்றித் தொழில்துறைக்காரர்கள் எழுதும் வரலாறு 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் கார் கம்பெனி வந்ததில் தொடங்கும். அப்புறம் 2006-ல் நோக்கியா, அதன் பின்னாலேயே பாக்ஸ்கான், 2007-ல் சாம்சங், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று போகும். இதற்கெல்லாம் முன்னால் இங்கே என்ன இருந்தது என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார்கள்: தரிசு. ஏரியும் புஞ்சையும் மேய்க்காலும் சும்மா கிடந்ததாம். இந்தத் 'தரிசு' என்ற வார்த்தைக்குள்தான் எங்கள் ஜனங்களின் கதை புதைந்து கிடக்கிறது.

செங்கல்பட்டு ஜில்லா வெள்ளைக்காரக் கம்பெனியின் பழைய ஜாகீர். இங்கே நிலம் மிராசு முறையில் இருந்தது. மிராசுதார் என்றால் பயிர் வைத்த நிலத்துக்கு மட்டும் சொந்தக்காரர் இல்லை. தரிசிலும் அவருக்குப் பாத்தியதை உண்டு, சேரி இருக்கிற நத்தத்திலும் பாத்தியதை உண்டு என்று சொல்லிக்கொண்டார்கள். 1790-களில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் காலத்திலிருந்தே இந்த மிராசு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. எல்லிஸ் துரை மிராசு பற்றி ஆராய்ந்து எழுதினார். வெள்ளைக்காரர்களுக்குள் நடந்த இந்த வாதங்களில் எல்லாம் கேள்வி ஒன்றுதான்: நிலம் சர்க்காருடையதா, மிராசுதாருடையதா? உழுதவன் மூன்றாவது கட்சியாகக்கூட அங்கே நிறுத்தப்படவில்லை.

தரிசு வேண்டும் என்று சர்க்காருக்கு மனுப் போடுவதற்குத் தர்க்காஸ்து என்று பெயர். சட்டப்படி யாரும் போடலாம். ஆனால் முதல் உரிமை மிராசுதாருக்கு. ஒரு பறையன் தர்க்காஸ்து கொடுத்தால் தகவல் முதலில் ஊருக்குத்தான் போகும். மிராசுதார் வந்து "அது எனக்கு வேணும்" என்பார். அவ்வளவுதான், மனு முடிந்தது. மனுப் போட்டவன் அதே மிராசுதாரிடம் படியாளாக இருப்பவன். அவன் குடிசை நிற்கிற இடமும் அவருடையது. மறுநாள் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொன்னால் போக்கிடம் கிடையாது. அடிமை முறைக்கு இனிச் சட்டத்தில் இடமில்லை என்று 1843-ல் சட்டம் வந்துவிட்டது. வாங்கின கடனும் நின்ற குடிசையும் அந்தச் சட்டத்தைச் சேரிக்குள் நுழைய விடவில்லை.

1891-ல் செங்கல்பட்டில் கலெக்டராகப் பொறுப்பு வகித்த டிரெமென்ஹீர் இதையெல்லாம் அறிக்கையாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். பறையர்களுக்கு வீட்டுமனை சொந்தமாக வேண்டும், சாகுபடிக்கு நிலம் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்றார். அதன் பேரில் 1892 செப்டம்பர் 30-ல் பிறந்ததுதான் அரசாணை 1010. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதற்கு வேர் இது. ஒரு துரையின் இரக்கத்தில் வந்தது என்று இதைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த 1891-ம் வருஷத்தில்தான் அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் மாநாடு கூட்டித் தீர்மானங்கள் போட்டார். இதே செங்கல்பட்டு ஜில்லா கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கியதும் அந்த வருஷம்தான். ஆடம் ஆண்ட்ரூ போன்ற பாதிரிமார்களும் இந்த ஜில்லாவில் தரிசு கேட்டு சர்க்காரோடு மல்லுக்கட்டினார்கள். கேட்ட குரல் முதலில் நம்முடையது.

நிலத்தோடு நிபந்தனைகளும் வந்தன. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் நம்மவர்களுக்கு வெளியே யாருக்கும் கைமாற்றக் கூடாது. மாற்றினால் சர்க்காரே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இப்படிக் கொடுத்த நிலத்துக்கு எதிரே பதிவேட்டில் 'டி.சி.' என்று இரண்டு எழுத்து எழுதி வைத்தார்கள். மாகாணம் முழுக்கக் கொடுக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு.

என் தாத்தா வெட்டியான். பிணம் சுடுகிறவர் என்று மட்டும் நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: செங்கல்பட்டு கிராமங்களில் எல்லைக்கல் எது, எங்கே இருக்கிறது, யார் வரப்பை யார் அரித்தான் என்று தெரிந்தவன் வெட்டியான். எல்லைத் தகராறு வந்தால் ஊர்க்காரர்களே சேரிக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். சர்வேக்காரன் வந்தால் சங்கிலி பிடிப்பதும் அவர்தான். கல் எங்கே என்று தெரிந்தவர் என் தாத்தா. கணக்கு நோட்டு இருந்தது கர்ணம் வீட்டில். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கர்ணத்துக்குக் கல் தெரியாது. தகராறு தீர்ந்த பிறகு நோட்டில் ஏறினது கர்ணத்தின் எழுத்து மட்டும்தான்.

அந்தத் தாத்தாவுக்கு 1930-களில் டி.சி. நிபந்தனையில் ஒரு ஏக்கர் சொச்சம் புஞ்சை கிடைத்தது. கேழ்வரகும் வேர்க்கடலையும் போட்டார்கள். என் நைனா கல்யாணத்துக்கு ஊரில் ஒருவரிடம் கடன் வாங்கினார்கள். வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு. கடன் அடைகிற வரைக்கும் அவர் உழுதுகொள்ளட்டும் என்று பேச்சு. கடன் அடையவே இல்லை. அடைய விடவும் இல்லை. பட்டாக் காகிதம் என்று வீட்டில் இருந்தது, சேரி எரிந்தபோது கூரையோடு போய்விட்டது. தமிழ்நாட்டுச் சேரிகளில் பாதி ஆவணம் இப்படிக் கூரையில்தான் போயிருக்கிறது.

இதுவரைக்கும் நடந்தது பழைய வட்டிக்கடைக் கதை. இதை இன்னும் திருத்தியிருக்க முடியும். ஏனென்றால் உழுதவர் யாராக இருந்தாலும் பதிவேட்டில் தாத்தா பெயரும் 'டி.சி.' என்ற எழுத்தும் அப்படியே இருந்தன. அவற்றை எடுத்தது யு.டி.ஆர். 1979-ல் தொடங்கி 1987 வரை தமிழ்நாடு முழுக்க நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தார்கள். கிராமத்துக்கு வந்த அதிகாரிகள் பெரும்பாலும் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்துதான் விசாரித்தார்கள். "இத யார் பயிர் வைக்கிறா?" என்று கேட்டார்கள். ஊர்க்காரர் பெயரைச் சொன்னார்கள். எழுதிக்கொண்டார்கள். பழைய நம்பர் உடைந்து புது உட்பிரிவு வந்தது. புது நோட்டில் அந்த இரண்டு எழுத்து ஏறவில்லை. எங்கள் சேரிக்கு யாரும் வந்து கேட்கவில்லை. வந்திருந்தாலும் என் நைனா அந்த நேரம் அதே நிலத்தில் கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்திருப்பார்.

இந்தச் சமயத்தில்தான், 1980-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. நம்மவர்கள் சந்தோஷப்பட்டார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். கர்ணம் போனார். அவர் எழுதின எழுத்து போகவில்லை. அது புது நோட்டுக்கு ஏறி, புது ஆபீஸருக்குக் கைமாறியது.

1994 அக்டோபர் 10-ஐ இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்ட ஜனங்கள் மேல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேர் செத்தார்கள். 'பஞ்சமி' என்ற வார்த்தையை எங்கள் சேரிப் பையன்கள் அந்த வருஷம்தான் முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னார்கள். என் நைனாவும் "நம்மளுதும் அதான்டா" என்றார். அதுவரைக்கும் எனக்கும் தெரியாது.

காரணைக்கு இரண்டு வருஷம் கழித்து இருங்காட்டுக்கோட்டைக்குக் கார் கம்பெனி வந்தது. 1997-ல் தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்கவென்றே மாநிலம் தனிச் சட்டம் போட்டது. சிப்காட் நிலம் எடுக்க எடுக்க, புஞ்சைக்கு விலை ஏறியது. எடுக்கிற நிலத்துக்குப் பணம் யாருக்கு? பதிவேட்டில் பெயர் இருப்பவனுக்கு. அந்த நிலத்தில் நாற்பது வருஷம் கூலி வேலை செய்தவள் பெயர் எந்தக் கலத்திலும் இல்லை. மேய்க்கால் புறம்போக்கு போனால் மாடு வைத்திருந்த சேரிக்காரனுக்கு ஒன்றுமில்லை. 2013-ல் மத்தியச் சட்டம் வந்தபோது, நிலமில்லாத விவசாயக் கூலியும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று முதல்முறையாக எழுதினார்கள். ஆனால் இந்தப் பக்கத்துப் பெரிய தொழிற்பேட்டைகளில் பல அதற்கு முன்னாலேயே எடுத்து முடித்தவை. மிச்சத்துக்கும், அந்தச் சட்டத்தில் இருந்த சமூகத் தாக்க மதிப்பீடு என்ற பகுதி 1997 சட்டத்தில் எடுக்கும் நிலத்துக்கு வராதபடி தமிழ்நாடு விலக்கு வாங்கிக்கொண்டது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. மாநிலம் மறுபடி சட்டம் போட்டது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கூலிக்காரி பெயரை எழுதக்கூடிய நோட்டு அந்த மதிப்பீடு ஒன்றுதான். அதுவும் போயிற்று. இத்தனைக்கும் ஸ்ரீபெரும்புதூர் 2004 தேர்தல் வரை நாடாளுமன்றத் தனித்தொகுதி.

எங்கள் நிலத்தைச் சிப்காட் எடுக்கவில்லை. எடுத்த நிலத்தின் நிழல் அதன் மேல் விழுந்தது. உழுதவரின் பிள்ளைகள் பிளாட் போடுகிறவருக்கு விற்றார்கள். அவர் கல் நட்டு 'நகர்' என்று பெயர் வைத்தார். ஒரு ஏக்கர் சொச்சம் பல துண்டாகி, ஒவ்வொன்றும் மூன்று நான்கு கை மாறிவிட்டது.

இதே காலத்தில் தாலுகா ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தேசியத் தகவலியல் மையம் செய்து கொடுத்த 'தமிழ் நிலம்' மென்பொருளில் பட்டா, சிட்டா, ஏ ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். இது நல்ல காரியம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பட்டா நகலுக்காக வி.ஏ.ஓ. வீட்டு வாசலில் நின்ற ஜனங்களுக்கு அது விடுதலைதான். ஆனால் கம்ப்யூட்டரில் எந்த நோட்டைப் பார்த்து ஏற்றினார்கள்? யு.டி.ஆர். நோட்டைப் பார்த்து. அதற்கு முந்தின நோட்டு ரிக்கார்டு ரூமில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. திண்ணையில் சொன்ன பொய்யை எழுத்தர் எழுதினார். எழுத்தர் எழுதினதை ஆபரேட்டர் தட்டினார். கையெழுத்தாக இருந்தவரைக்கும் அதில் அடித்தல் திருத்தல் தெரியும், மை மாறினது தெரியும், சந்தேகப்பட இடம் இருக்கும். அச்சில் வந்ததும் முகம் சுத்தமாகிவிட்டது. இப்போது மனு எடுத்துக்கொண்டு போனால், நாற்காலியில் இருக்கிறவர் திரையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "சிஸ்டத்துல இல்லீங்களே."

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். மாசக்கணக்கில் அலைந்து யு.டி.ஆருக்கு முந்தின ஏ ரிஜிஸ்டரின் நகல் வாங்கினேன். தாத்தா பெயர் இருந்தது. பக்கத்தில் அந்த இரண்டு எழுத்தும் இருந்தன. அந்தக் காகிதத்தை ஒரு ஆபீஸில் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். மறுபடி அதே வார்த்தை.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அக்கா மகள் சிரித்தாள். "இன்னா மாமா சொல்றாங்க? எங்க கம்பெனில ஒரு போர்டு கெட்டுப்போனா, எந்த லைன்ல, எந்த ஷிப்டுல, எந்த மிஷின்ல பூட்டுனதுன்னு ஸ்கேன் பண்ணி எடுத்துருவாங்க. யார் கையில கெட்டுச்சுன்னு சூப்பர்வைசர் நேரா வந்து நிப்பான். நெலத்துக்கு மட்டும் முடியாதா?"

நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்வியால்தான். ஒவ்வொரு செல்போனுக்கும் பதினைந்து இலக்கத்தில் ஒரு ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. உலகத்தில் எங்கே போனாலும் அது அந்தப் போனோடு போகும். உள்ளே இருக்கிற பலகைக்கும் பாட்டரிக்கும் பார்கோடு உண்டு. 2019-லிருந்து இந்தப் பக்கத்தில் பூட்டின ஐபோனை அமெரிக்காவில் ஒருவன் பழுது என்று கொடுத்தாலும் அதன் பிறப்பைத் தேடி எடுத்துவிடலாம். ஒரு பொருளின் முந்தின கதையைக் கைவிடாமல் கூடவே கொண்டுபோவது இந்தத் தொழில்நுட்பத்தின் உயிர். அதைச் செய்கிற கைகளில் பாதி சேரியிலிருந்தும் காலனியிலிருந்தும் பஸ் ஏறிப் போகிற பெண்களின் கை. எங்கள் நிலத்தின் முந்தின கதையைக் கேட்டால் மட்டும் கம்ப்யூட்டருக்கு ஞாபகம் 1987-க்கு அப்பால் போகாது.

கோயில் நிலத்தைப் பாருங்கள். அதை யாரும் பத்திரம் பண்ண முடியாதபடி பதிவுச் சட்டத்தில் 22-ஏ பிரிவைக் கொண்டுவந்தார்கள். பத்திர ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த சர்வே நம்பரை அடைத்து வைக்க முடிகிறது. சாமிக்கு எழுதின நிலத்துக்குச் செய்ய முடிந்ததை, சேரிக்கு எழுதின நிலத்துக்கும் செய்ய முடியும். மிஷினுக்கு இதில் தடை ஒன்றும் இல்லை.

கம்பெனி வந்ததால் எங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். என் அக்கா களை எடுக்கும்போது வரப்பில் நின்ற ஆண்டை, கூலியைத் துண்டில் போட்டார். அக்கா மகளுக்குச் சம்பளம் பேங்கில் விழுகிறது. சுற்றி எத்தனை சாதிப் பெண்கள், ஒரே சீருடை, ஒரே கேண்டீன். இது சாதாரணமில்லை. "எந்த ஊரு? எந்தத் தெரு?" என்று ரூமில் கேட்பது நிற்கவில்லை என்றாலும், பதில் சொல்லாமல் எழுந்து போகிற தைரியம் இவளுக்கு வந்திருக்கிறது. ஆனால் இந்தச் சம்பளம் எவ்வளவு நாளைக்கு என்பது நிலம் போன பிறகுதான் பெரிய கேள்வி ஆகிறது. நோக்கியா 2006-ல் வந்தது, 2014 நவம்பர் 1-ல் உற்பத்தியை நிறுத்தியது. வரி வழக்கு ஒரு பக்கம், மைக்ரோசாப்ட் வாங்கின கணக்கில் இந்தத் தொழிற்சாலை சேராதது ஒரு பக்கம். ஆயிரக்கணக்கான இளம்பிள்ளைகள் இருபத்தைந்து வயதில் 'விருப்ப ஓய்வு' வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அந்த டிசம்பரில் பாக்ஸ்கானும் மூடியது. பிறகு ஐபோன் பூட்டத் திரும்பி வந்தது. நிலம் இருந்தவன் வீட்டுப் பிள்ளை நிலத்துக்குப் போனான், விற்றவன் வீட்டுப் பிள்ளை வாடகை வாங்கினான். எங்கள் பிள்ளைகள் வேறு கம்பெனி வாசலில் காண்டிராக்டரிடம் நின்றார்கள்.

அடங்கிப் போனார்கள் என்றும் இல்லை. 2010-ல் பாக்ஸ்கானில் சங்கத்துக்காக வேலைநிறுத்தம் நடந்தது, முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சோறு கெட்டு நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கூட இருந்தவர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் விடுதி என்ற விஷயமே அரசாங்கத்தின் கண்ணில் பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறந்தார்கள். 2024 செப்டம்பர் 9-லிருந்து முப்பத்தேழு நாள் சாம்சங் தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள்; 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. ரோட்டில் உட்கார்ந்த அந்தப் பெண்களில் எத்தனை பேருக்குத் தங்கள் கிராமத்து டி.சி. நிலக் கணக்கு தெரியும்? கூலிச் சண்டை தொழிற்சங்கத்தில், நிலச் சண்டை தலித் இயக்கத்தில் என்று நாமேதான் பிரித்து வைத்தோம். இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருக்கிற சண்டை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. யு.டி.ஆருக்கு முந்தின ஏ ரிஜிஸ்டர் அனைத்தையும் அப்படியே படம் பிடித்து எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். டி.சி. என்று எழுதின பழைய நம்பர் ஒவ்வொன்றும் இன்றைக்கு எந்தெந்த உட்பிரிவாக உடைந்திருக்கிறது என்று இணைத்துக் காட்ட வேண்டும். அந்த நம்பர்களைப் பத்திரப் பதிவில் அடைக்க வேண்டும். அரசாங்கம் செய்கிறவரைக்கும் நாம் காத்திருக்கவும் வேண்டாம். படித்த பிள்ளைகள் தத்தம் கிராமத்துக்குத் தகவல் மனுப் போட்டு நகல் வாங்கலாம். கல் எங்கே இருந்தது என்று தெரிந்த கிழவர்கள் கொஞ்சம் பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் நின்று பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் அது ஆரம்பித்துவிட்டது. எங்கள் கிராமத்துக்கு மட்டும் டி.சி. வரிகள் மூன்று பக்கத்துக்கு வந்தன. அக்கா மகள் வார லீவில் உட்கார்ந்து அவற்றைத் தன் போனிலேயே பட்டியல் போடுகிறாள். ஒரு கட்டத்தில் பழைய நம்பர், அடுத்ததில் புது உட்பிரிவு, அடுத்ததில் அன்றைக்கு யார் பெயர், கடைசியில் இன்றைக்கு யார் பெயர். என் பங்குக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கையெழுத்தைப் படித்துச் சொல்கிறேன். எங்கள் மனு மேலதிகாரியிடம் நிலுவையில் இருக்கிறது. அடுத்த விசாரணைக்கு அவளும் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றிருக்கிறாள். சிஸ்டத்துல இல்லை என்று இந்த முறை சொன்னால், பதில் அவள் சொல்லட்டும்.